பல இனத்தவர் வாழும் பகுதி என்றாலே அதிருப்தியா?

போன மாதம் இரண்டு மாணவர்களின் ஆய்வு வரைவுகள் என்னிடம் வந்தன. இரண்டிலும், பல வருடங்களுக்கு முன் நான் எழுதிய அதே வரி: "இனப் பன்மை கூடக் கூட, குடியிருப்போரின் திருப்தி குறைகிறது." கேள்வித்தாள் பிழைகளைப் பாடப்புத்தகமே சொல்லித்தரும். இந்த வரிக்குக் கொண்டுபோகும் நான்கு பிழைகளைச் சொல்ல ஆளில்லை.

வறுமையின் பழியை இனத்தின் மேல் போடுவது

புதிதாகக் குடியேறுகிறவர்கள் பெரும்பாலும் வாடகை குறைந்த இடத்துக்குத்தான் போக முடிகிறது. அங்கேதான் பழைய கட்டடம், உடைந்த குழாய், ஆறு மாதத்துக்கொரு முறை மாறும் குடித்தனம் எல்லாம் இருக்கும். இனப் பன்மையையும் திருப்தியையும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கோடு கீழே இறங்கத்தான் செய்யும்.

நான் அதைத்தான் அறிக்கையாகக் கொடுத்தேன். அதை நம்பி, விளக்குக்கும் குழாய்க்கும் போக வேண்டிய பணத்தை ஒரு நிர்வாகம் நல்லுறவு விழாக்களுக்கு ஒதுக்கியது. அப்புறம் பழைய கணக்கெடுப்புப் படிவங்களை எடுத்துப் பார்த்தேன். திருப்திக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் போட்ட ஒரு பெண்மணி ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: "மாடிப்படி விளக்கு நாலு மாதமாக எரியவில்லை." அண்டை வீட்டாரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இன்றும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

பெரிய ஆய்வுகளிலும் இந்தச் சிக்கல் உண்டு. அமெரிக்காவில் 2000இல் சுமார் 30,000 பேரிடம் எடுத்த கணக்கெடுப்பை வைத்து, பன்மை மிகுந்த இடங்களில் மக்கள் ஒருவரை ஒருவர் நம்பாமல் ஒதுங்கிப்போகிறார்கள் என்று அரசியல் அறிவியலாளர் ராபர்ட் புட்னம் 2007இல் எழுதினார். வருமானம் போன்றவற்றை அவரும் கணக்கில் எடுத்தவர்தான். ஆனாலும் 2015இல் அபாஸ்கல், பால்டசாரி என்ற சமூகவியலாளர்கள் இருவரும் அதே தரவை மறுபடி அலசி, பொருளாதார நலிவும் அடிக்கடி இடம்மாறுவதும் எந்த இனத்தவர் பதில் சொல்கிறார் என்பதுமே பெரும்பகுதியை விளக்குகின்றன என்று காட்டினார்கள். வெள்ளையரிடம் மட்டும், வேற்றினத்தவர் நடுவே வாழ்வதற்கும் பிறர் மேல் நம்பிக்கை குறைவதற்கும் தொடர்பு தெரிந்தது.

சரி, என்ன செய்வது? வருமானம், வீட்டின் நிலை, சொந்த வீடா வாடகையா, எத்தனை வருடக் குடியிருப்பு எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இனத்தவரின் பதிலையும் தனியாகவும் பாருங்கள்.

ஒரே குறியீட்டெண்ணை நம்புவது

இரண்டே இனங்கள் உள்ள பகுதியில் ஓர் இனத்தவர் நூற்றுக்கு 80 பேர் என்றாலும் 20 பேர் என்றாலும், பன்மைக் குறியீடு (கண்ணை மூடி எடுக்கும் இருவர் வேறு வேறு இனமாக இருக்கும் வாய்ப்பு) 0.32தான். அந்த இனத்தவருக்கு இரண்டும் ஒன்றா?

நம்பிக்கையைத் திருப்தி என்று எழுதுவது

அண்டை வீட்டாரை நம்புவது வேறு, குடியிருக்கும் இடம் பிடித்திருப்பது வேறு. தனித்தனியாகக் கேளுங்கள்.

போனவர்களை மறப்பது

அந்தப் பகுதி பிடிக்காதவர்களில் வசதியுள்ளவர்கள் முன்பே வீடு மாறியிருப்பார்கள். மிச்சமிருப்பவர்களிடம் "வாய்ப்பிருந்தால் வேறு இடத்துக்குப் போவீர்களா, ஏன்?" என்று கட்டாயம் கேளுங்கள். காரணத்தை அவர்கள் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள்.