பாம்பு வீட்டுக்குப் பிள்ளைகளோடு போகும்போது நடக்கும் பிழைகள்

தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குப் போகிற குடும்பங்களில் பல சிங்கம், யானை, பறவை எல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியாகத்தான் ஊர்வனப் பக்கம் வருகின்றன. அதற்குள் வெயில் உச்சிக்கு வந்திருக்கும். ஏறி இறங்கிப் பிள்ளைக்குக் கால் உளையும், தண்ணிப் போத்தலும் காலியாகியிருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் பாம்பு சுருண்டு கிடக்கும். "இது அசையுதில்லை, வாங்கோ போவம்" என்று இரண்டு நிமிடத்தில் கதை முடிந்துவிடும்.

பிழை அந்த வரிசையில்தான். ஊர்வன தங்கள் உடம்புக்கு வேண்டிய சூட்டை வெளியிலிருந்துதான் எடுக்கின்றன. திறந்த வெளியில் இருக்கும் முதலையும் ஆமையும் காலை வெயிலில் வந்து காயும், சூடு ஏற ஏறத் தண்ணீருக்கோ நிழலுக்கோ போய்விடும். ஆகவே வாசல் திறந்த கையோடு முதலில் இங்கே வாருங்கள். பிள்ளையின் பொறுமையும் அந்த நேரத்தில்தான் முழுசாக இருக்கும். போயா நாளையும் பள்ளிக்கூட லீவு ஞாயிறையும் தவிர்த்தால், முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை.

அடுத்தது கண்ணாடியைத் தட்டுவது. பிள்ளைகளைவிட அப்பாமார்தான் இதைக் கூடுதலாகச் செய்கிறார்கள். பாம்புக்கு வெளிக்காது இல்லை. ஆனால் தாடை எலும்பு வழியாக அதிர்வு உட்காதுக்குப் போகிறது. விரலால் தட்டுகிற சின்னத் தட்டு அதற்கு உடம்பு முழுக்க வந்து விழுகிற அடி. நாகம் என்றால் படமெடுக்கும், சில நேரம் கண்ணாடியிலேயே கொத்தும். மூக்கு நுனி உரியும், அந்தக் காயம் வாய்ப்புண்ணாகும், பிறகு தீன் எடுக்காது. தோல் உரிக்கப் போகிற நாட்களில் இது இன்னும் மோசம். பாம்புக்கு இமை கிடையாது, கண்ணை மூடியிருப்பது ஒரு கண்ணாடிச் செதில். தோலோடு சேர்ந்து அதுவும் கழன்று வரும். அதற்கு முன் சில நாள் கண் பால் கலந்த நீலமாக மங்கிப்போகும். அப்போது அதற்குப் பார்வை சரியாகத் தெரியாது, சின்ன அசைவுக்கும் மிரளும். அப்படி ஒரு கண்ணைக் கண்டால் பிள்ளைக்குக் காட்டிவிட்டு ஓரடி பின்னால் நில்லுங்கள்.

தட்டாவிட்டால் என்ன செய்வது? பிள்ளையின் உயரத்துக்குக் குந்தியிருந்து ஒரு வேலை கொடுங்கள். தலை எங்கே, வால் எங்கே என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். விழித்திருக்கும் பாம்பு என்றால் இரண்டு நிமிடத்தில் எத்தனை தடவை நாக்கு நீட்டுகிறது என்று எண்ணட்டும். நாக்கு கொட்டாது. காற்றில் இருக்கும் மணத்தை அள்ளி, மேலண்ணத்தில் உள்ள உறுப்புக்குக் கொண்டுபோகத்தான் அது வெளியே வருகிறது. எல்லாக் கூட்டையும் பார்த்தே ஆகவேண்டும் என்று ஓடாதீர்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு ஐந்து கூடு, அரை மணித்தியாலம் போதும்.

அம்மம்மாமாரின் பழைய வெருட்டு ஒன்று இருக்கிறது: "குழப்படி செய்தால் உள்ளுக்க போட்டிடுவன்." இருட்டு, மணம், நெருக்கம் எல்லாம் சேர்ந்த இடத்தில் இதைக் கேட்ட பிள்ளை அதற்குப் பிறகு ஒன்றையும் பாராது. பால் குடிக்கும் பாம்பு, மகுடிக்கு ஆடும் பாம்பு என்கிற கதைகளையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நாகம் ஆடுவது மகுடி அசைகிற பக்கத்துக்கு, இசைக்கு அல்ல.

முதலைக் குளத்துச் சுவரில் பிள்ளையை ஏற்றி இருத்துவதைப் பற்றி விளக்கம் தேவையில்லை: செய்யாதீர்கள். அது வாயைப் பிளந்துகொண்டு கிடப்பது பெரும்பாலும் கோபத்தில் அல்ல. முதலைக்கு வியர்ப்பதில்லை, உடம்புச் சூட்டை வாய் வழியாகத்தான் விடும். மணிக்கணக்காக அசையாமல் கிடப்பதைப் பார்த்து "பொம்மை" என்று நினைத்து எறிகிறார்கள், கல், ரொபித் தாள், சில்லறை என்று. தாய்லாந்தில் அதிர்ஷ்டத்துக்கென்று குளத்தில் எறிந்த சில்லறையை விழுங்கிய கடலாமை ஒன்றின் வயிற்றிலிருந்து 2017இல் 915 நாணயங்களை அறுத்து எடுத்தார்கள். கொஞ்ச நாளில் அது செத்துப்போனது.

கை கழுவாமல் பணிஸ் சாப்பிடுவது யாரும் கணக்கெடுக்காத பிழை. ஊர்வனவற்றின் தோலிலும் எச்சத்திலும் சல்மொனெல்லாக் கிருமி இருக்கும். பார்க்க நோய் தெரியாது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அது வயிற்றோட்டத்தையும் காய்ச்சலையும் கடுமையாகக் கொடுக்கும், ஆகவே அவர்கள் தொடாமல் பார்த்தால் போதும். மூத்தவர்களைப் பராமரிப்பாளர் தொட விட்டால், இரண்டு விரலால், நடு உடம்பிலிருந்து வால் பக்கமாக, செதில் போகிற திசையில் மட்டும். பிறகு சவர்க்காரம் போட்டு 20 விநாடி. பிசுபிசுத்த கையில் ஜெல் தடவுவது அதற்கு ஈடாகாது.

படமெடுக்க பிளாஷ் வேண்டாம், கண்ணாடியில் வெள்ளைப் பொட்டுத்தான் விழும். போனைக் கண்ணாடியோடு மெதுவாக ஒட்டி, மற்றக் கையால் ஓரத்தை மறைத்தால் தெளிவாக வரும்.

வெள்ளவத்தைப் பிள்ளைகளுக்கு ஒரு பிரச்சினை கூட உண்டு. அவர்கள் கால்வாய் ஓரத்தில் கபரகொய்யாவை (நீர் உடும்பை) அடிக்கடி காண்பவர்கள், உடும்பும் அதுவும் ஒன்றென்று நினைப்பவர்கள். மூக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். கபரகொய்யாவின் மூக்குத் துவாரம் வட்டமாக, முகத்தின் நுனியில் இருக்கும். உடும்புக்கு அது சாய்ந்த கீறல், கண்ணுக்குக் கிட்ட. இதைக் கூட்டுக்கு வெளியே நின்றுதான் படிக்கவேண்டும், கால்வாய்க்கரையில் கிட்டப் போய் அல்ல.

அதே போல, சாதுவாகக் கிடந்த மலைப்பாம்பைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைக்கு வீட்டு முற்றத்துப் பாம்பும் சாதுவாகத்தான் தெரியும். மலைப்பாம்புக் குட்டிக்கும் கண்ணாடி விரியனுக்கும் பெரியவர்களே தடுமாறுவார்கள். விரியனின் முதுகில் கறுத்த விளிம்போடு முட்டை வடிவப் பொட்டுகள் மூன்று வரிசையாகச் சங்கிலி போல ஓடும். மலைப்பாம்பின் திட்டுகளுக்கு ஒழுங்கான வடிவம் இராது. விரியனின் சீறலும் பிரஷர் குக்கர் ஆவி விடுகிற மாதிரிக் கேட்கும். ஆனால் பிள்ளைக்குச் சொல்லவேண்டியது இந்த அடையாளங்களை அல்ல: நில், பின்னால் வா, பெரியவரைக் கூப்பிடு. கடித்துவிட்டால் கயிறு கட்டாமல், கீறாமல், வளையல் மோதிரத்தைக் கழற்றி, கடித்த கையையோ காலையோ அசையவிடாமல் வைத்துக்கொண்டு 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.