வார்கிராஃப்டில் டிராகன் ஓட்டுதல்: விகரைச் சேமித்து உயரத்தைச் செலவழிக்கும் முறை

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணையக் கணினி விளையாட்டில் 2022 நவம்பர் 28 அன்று வெளிவந்த டிராகன்ஃபிளைட் என்ற விரிவாக்கத் தொகுப்போடுதான் டிராகன் மீதேறிப் பறக்கும் இந்தப் புதிய முறை அறிமுகமானது. அதற்கு முன்பு வரை பறக்கும் வாகனம் என்றால் காற்றில் அப்படியே நிற்கும், முன்னே போகச் சொன்னால் ஒரே வேகத்தில் போகும். டிராகனோ நிற்காது. எடை, வேகம், உயரம் மூன்றும் அதற்கு உண்டு என்பதால், பழைய பழக்கத்தோடு ஓட்டுபவர்கள் சற்று நேரத்திலேயே மரத்தில் மோதி இறங்கிவிடுகிறார்கள். கோலாலம்பூரில் என்னோடு விளையாடும் நண்பர்கள் பலரும் இதே இடத்தில் சலித்துப்போய்ப் பழைய முறைக்குத் திரும்பியதைப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

கணக்கு தொடங்குவது, கதாபாத்திரம் உருவாக்குவது போன்றவற்றை விளக்கப் போவதில்லை. டிராகன் ஐல்ஸ் தீவுகளின் முதல் நிலப்பகுதியான வேக்கிங் ஷோர்ஸில் கதைப் பணிகளைத் தொடர்ந்து செய்தால் ரினியூட் புரோட்டோ-டிரேக் என்ற முதல் டிராகன் கைக்கு வரும். பிறகு கிடைக்கும் மற்ற டிராகன்கள் தோற்றத்தில் வேறுபட்டாலும் பறப்பதில் எந்த வேறுபாடும் இல்லை என்பதால், எது வேகமானது என்று தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

முதல் படி, விசைகளை ஒழுங்குபடுத்துவது. டிராகனில் ஏறியதும் திரையின் கீழே உள்ள செயற்பட்டை தானாக மாறிவிடும். அதில் மூன்று மட்டும் இப்போதைக்குப் போதும்: முன்னே பாய்வதற்குச் சர்ஜ் ஃபார்வர்ட், மேலே எழுவதற்கு ஸ்கைவர்ட் அசென்ட், சுழன்று பாய்வதற்கு வர்லிங் சர்ஜ். மௌஸின் வலது பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் டிராகனின் மூக்கைத் திருப்ப வேண்டும். ஆகவே முதல் இரண்டையும் மௌஸின் பக்கவாட்டுப் பொத்தான்களில் வைத்துவிடுங்கள். இதற்காகக் கோலாலம்பூரின் கணினிக் கடை வளாகமான லோயாட் பிளாசாவுக்குப் போய்ப் பன்னிரண்டு பொத்தான் மௌஸ் வாங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். கட்டை விரலுக்கு இரண்டு பொத்தான் உள்ள சாதாரண மௌஸே போதுமானது, அதுவே கைக்கும் இதமானது.

இரண்டாவது, விகர் என்ற சக்தியைப் புரிந்துகொள்வது. திரையில் வரிசையாகத் தெரியும் உருண்டைகள்தாம் அவை. தொகுப்பு வெளிவந்தபோது அவை மூன்றாகத் தொடங்கி, வானில் மிதக்கும் டிராகன் கிளிஃபுகள் என்ற குறியீடுகளைச் சேகரித்து மேம்படுத்தினால் ஆறு வரை கூடின. ஒரு முறை பாய்ந்தாலோ எழுந்தாலோ ஓர் உருண்டை காலியாகும். தரையில் நின்றால் மெல்ல நிரம்பும். வர்லிங் சர்ஜுக்கு விகர் செலவாகாது, ஆனால் மீண்டும் பயன்படுத்த முப்பது வினாடி காத்திருக்க வேண்டும்.

மூன்றாவது படியில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். எனக்கும் நெடுநாள் பிடிபடாதது இதுவே. புதியவர்கள் தரையிலிருந்து எழுந்ததும் டிராகனைக் கிடைமட்டமாக வைத்துக்கொண்டு, வேகம் குறையும்போதெல்லாம் சர்ஜ் ஃபார்வர்டை அழுத்துகிறார்கள். சற்று நேரத்தில் உருண்டைகள் அனைத்தும் காலியாகி, டிராகன் மெல்ல மெல்ல இறங்கிக் காட்டுக்குள் போய் நிற்கிறது. செய்ய வேண்டியதோ இதற்கு நேர்மாறானது. எழுந்ததும் மூக்கைக் கீழ்நோக்கிச் சாய்த்து, உயரத்தை வேகமாக மாற்றுங்கள். திரையின் ஓரங்களில் காற்றுக் கோடுகள் தெரியத் தொடங்கும், த்ரில் ஆஃப் தி ஸ்கைஸ் என்ற சின்னம் தோன்றும். அந்தச் சின்னம் இருக்கும் வரை பறந்துகொண்டிருக்கும்போதே விகர் நிரம்பிக்கொண்டிருக்கும். இறக்கத்தில் மிதிப்பதை நிறுத்திவிட்டு அந்த வேகத்திலேயே அடுத்த மேட்டை ஏறும் சைக்கிள்காரரைப் போல, தரையை நெருங்குவதற்கு முன் மூக்கை மெதுவாக உயர்த்துங்கள். மெதுவாக என்பதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள்: மௌஸை ஒரே இழுப்பில் இழுத்தால் டிராகன் செங்குத்தாக ஏறி, சேர்த்த வேகம் முழுவதையும் அங்கேயே இழந்துவிடும்.

ஏறும்போது வேகம் குறைந்து சின்னம் மறையப் போகிறது என்ற தருணத்தில் ஒரு ஸ்கைவர்ட் அசென்ட், உடனே மீண்டும் சாய்வு. அந்த இறக்கத்தில் நிரம்புவது முன்பு செலவான உருண்டையை ஈடுசெய்யும். இந்தச் சுழற்சி கைவந்தால் நீண்ட தொலைவையும் தரையில் இறங்காமலே கடக்கலாம். சர்ஜ் ஃபார்வர்டை நான் பெரும்பாலும் அவசரத்துக்கு மட்டுமே வைத்துக்கொள்கிறேன். சாய்வு ஏற்கெனவே வேகம் தரும் இடத்தில் அதை அழுத்துவது வீண். பறக்கத் தொடங்கும்போதும் பாறை முனையோ கோபுரமோ அருகில் இருந்தால் அங்கிருந்து சரியத் தொடங்குவது நல்லது. நீர்ப்பரப்பையோ தரையையோ ஒட்டிப் பறந்தாலும் விகர் நிரம்புவதற்கு ஒரு மேம்பாடு உண்டு. மேம்பாட்டுப் பட்டியலில் அதை முதலிலேயே எடுத்துவிடுங்கள்.

இறங்கும்போது மூக்கைச் சற்று உயர்த்தி வேகத்தைக் குறைத்தால் போதும். காற்றிலேயே வேகத்தைத் தடுக்கும் ஏரியல் ஹால்ட் என்ற திறன் கிடைத்த பிறகு அது இன்னும் எளிது. வானில் இருக்கும்போதே அவசரப்பட்டு டிராகனை விட்டு இறங்கிவிடாதீர்கள்.

பயிற்சிக்கு, வேக்கிங் ஷோர்ஸில் உள்ள ரூபி லைஃப்ஷ்ரைன் லூப் என்ற பந்தயத்தைப் பரிந்துரைக்கிறேன். வளையங்கள் உங்களை எங்கே சாய வேண்டும், எங்கே நிமிர வேண்டும் என்று தாமே கற்றுக்கொடுக்கும். தங்கப் பதக்கத்தை முதல் நாளே எதிர்பார்க்க வேண்டாம்.

மலேசியாவிலிருந்து ஓசியானிக் சர்வர்களில் விளையாடுபவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. அவை 2014 முதல் ஆஸ்திரேலியாவில் இருப்பதால் தாமதம் இருக்கவே செய்யும். மூக்கைத் திருப்புவது உங்கள் கணினியிலேயே நடப்பதால் அதில் தாமதம் தெரியாது. பாய்வதும் எழுவதும் மட்டும் சர்வரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கும். எனவே அவ்விரண்டையும் தேவைப்படும் இடத்துக்குச் சற்று முன்பே அழுத்திப் பழகுங்கள். அடுக்குமாடி வீடுகளில் அண்டை வீட்டு வைஃபைகளோடு போட்டி போடுவதைவிட ஒரு கேபிள் இழுத்துக்கொள்வது மேல்.

பின்சேர்க்கை: பினாங்கிலிருந்து எழுதிய வாசகர் ஒருவர், தம் டிராகன் காற்றில் நின்றுகொண்டே இருப்பதாகவும் விகர் உருண்டைகளே தெரியவில்லை என்றும் கேட்டிருந்தார். 2024 ஆகஸ்டில் வெளிவந்த தி வார் விதின் தொகுப்பு முதல் இந்த முறைக்கு ஸ்கைரைடிங் என்று பெயர். பழைய நிலையான பறத்தலுக்கும் இதற்கும் இடையே மாறிக்கொள்ளலாம். அவர் நிலையான பறத்தலில் இருந்திருக்கிறார். வாகனங்களின் பட்டியலைத் திறந்தால் பறக்கும் முறையை மாற்றும் பொத்தான் இருக்கும். நிலையான பறத்தலில் நல்ல வாகனத்தின் வேகம் 310 சதவீதம்தான். சாய்ந்து இறங்கும் டிராகன் அதைப்போல் இருமடங்குக்கும் மேல் போகும். தலைசுற்றல் உள்ளவர்கள் அமைப்புகளின் அணுகல்தன்மைப் பகுதியில் வேகக் காட்சி விளைவுகளை அணைத்துவிட்டு ஓட்டலாம். காற்றுக் கோடுகள் தெரியாவிட்டாலும் சின்னத்தைப் பார்த்தே வேகத்தை அறிந்துகொள்ள முடியும்.