ஹீனியின் தவளைகள்: குழந்தைமையின் இழப்பை வாசிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அயர்லாந்துக் கவிஞர் ஷேமஸ் ஹீனியின் 'ஓர் இயற்கையாளனின் மரணம்' என்ற கவிதை, 1966ஆம் ஆண்டு அதே தலைப்பில் வெளிவந்த தொகுப்பில் உள்ளது. வசந்தம்தோறும் குட்டையிலிருந்து தவளை முட்டைத்திரளை ஜாடிகளில் அள்ளிவந்து, தலைப்பிரட்டைகள் வெளிப்படுவதை ஆசையோடு பார்த்திருக்கும் ஒரு சிறுவன், வெப்பமான ஒரு நாளில் அக்குட்டையில் திரண்டு கத்தும் பெரிய தவளைகளைக் கண்டு அருவருத்து ஓடிவிடுகிறான். குழந்தைமை தொலைந்தது, ஆண்மை அச்சுறுத்தியது என்று இதைச் சுருக்குவதில் பிழையில்லை. ஆனால் அந்தச் சுருக்கத்தோடு நின்றுவிடும் வாசிப்பு கவிதையின் பெரும்பகுதியைக் காணத் தவறுகிறது.

முதற்பகுதியைக் களங்கமற்ற சொர்க்கமாகவும் இரண்டாம் பகுதியை வீழ்ச்சியாகவும் பிரிப்பது பரவலான தவறு. கவிதை அழுகலில்தான் தொடங்குகிறது. லினன் துணிக்கான நாரைப் பிரிப்பதற்காக, அக்கால வட அயர்லாந்து உழவர்கள் ஆளிச்செடிக் கட்டுகளைக் குட்டையில் அமிழ்த்தி, மேலே புல்மண் கட்டிகளைப் பாரமாக ஏற்றி அழுக விடுவார்கள். சிறுவனின் குட்டையும் அத்தகையதே; அந்த நாற்றம் தாங்கமுடியாதது. ஹீனி தவளைகளைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே அந்த நாற்றத்தையும் அதைச் சுற்றி மொய்க்கும் ஈக்களையும் நம்முன் வைத்துவிடுகிறார். சிறுவன் அவற்றுக்கு நடுவில்தான் மகிழ்ந்திருக்கிறான். ஆகவே இங்கே குழந்தைமை என்பது அழுக்கை அறியாத நிலை அன்று. அழுக்கைக் கண்டு அஞ்சாத நிலை. இழப்பு எது என்பதே இதனால் மாறிவிடுகிறது.

தவளைகள் சிறுவனைத் தாக்கின என்பது போல எழுதுவதும் தவறு. அவை அவனை ஒன்றும் செய்வதில்லை. கூடுகின்றன, கத்துகின்றன, குதிக்கின்றன. படையெடுப்பு, வெடிகுண்டு, பழிவாங்கல் ஆகியவை அவனுடைய அச்சம் அவற்றின் மேல் ஏற்றிய சொற்கள். அந்தப் போர்ச் சொற்களைப் பிடித்துக்கொண்டு, கவிதையை வட அயர்லாந்தின் உள்நாட்டு மோதலுக்கான உருவகம் என்று முடிவுகட்டுவோரும் உண்டு. அம்மோதல் பெரும் வன்முறையாக மூண்டது 1960களின் இறுதியில், நூல் வெளிவந்த பின்னர். வரலாற்றுப் பின்னணி வேண்டுமென்றால், 1939இல் பிறந்த ஹீனி தமது நோபல் உரையில் நினைவுகூரும் இரண்டாம் உலகப்போர்க்கால அமெரிக்கப் படையினரும் போர்விமானங்களும் பொருத்தத்தில் அருகில் இருக்கின்றன.

மிக ஆழமான பிழை, ஆண்மை குறித்த அச்சத்தை வெளியிலிருக்கும் ஒரு பகைவனைக் குறித்த அச்சமாக எடுத்துக்கொள்வதே. பள்ளியில் ஆசிரியை, அப்பா தவளை கத்தும் என்றும், அம்மா தவளை முட்டையிடும் என்றும் சொல்லிக்கொடுத்திருந்தார். அந்த இரண்டு செய்திகளுக்கும் இடையில் சொல்லப்படாமல் விடப்பட்ட உடலுறவைத்தான் இரண்டாம் பகுதி எழுப்பிக் காட்டுகிறது. இப்போது அவன் கேட்பது முன்பு கேட்டிராத, தடித்த, கீழ்ச்சுருதிக் கூட்டொலி. காண்பது பருத்த வயிறுகளையும் துடிக்கும் கழுத்துகளையும். மகரக்கட்டு உடைந்து தன் குரலும் ஒருநாள் அப்படித் தடிக்கும் என்பதை அவன் வாய்விட்டுச் சொல்வதில்லை. எனினும் அவன் ஓடுவது, தானும் ஆகப்போகும் ஒன்றிடமிருந்து என்றே நான் வாசிக்கிறேன். ஆண்கள் மீதான வெறுப்பு என்று இதைக் குறுக்கினால் இந்த நெருக்கம் முழுவதும் வீணாகிறது.

இருந்தாலும் ஆண்மை என்ற ஒரே சாவியால் கவிதை முழுவதையும் திறக்க முயல்வதும் கூடாது. கடைசி வரியைப் பாருங்கள். கையை நீரில் விட்டால் பற்றிக்கொள்ளும் என்று அவன் நம்புவது ஆண் தவளைகளை அல்ல, முட்டைத்திரளை. அம்மா தவளைக்கு உரியது என்று ஆசிரியை சொன்னதை, ஆண்டுதோறும் அவன் திருடி வந்ததை. ஆகவே அச்சத்தின் உச்சியில் குற்றவுணர்வும் இனப்பெருக்கத்தின் மீதான திகைப்பும் பின்னிக் கிடக்கின்றன. இந்த வரியை விளக்காத எந்த ஆண்மைக் கோட்பாடும் அரைகுறையானதே.

இறுதியாக, இந்தக் கவிதைக்குக் கிடைத்த விடையைத் தொகுப்பு முழுவதற்கும் பொருத்திவிடக் கூடாது. பூனைக்குட்டிகள் நீரில் அமிழ்த்திக் கொல்லப்படுவதை ஆறு வயதில் காணும் சிறுவனைப் பற்றிய கவிதை ஒன்றும் அந்நூலில் உண்டு. அங்கும் அச்சம் இருக்கிறது; ஆனால் அவன் அதிலிருந்து ஓடாமல் மெல்ல மரத்துப்போய், நன்கு நடக்கும் பண்ணையில் இத்தகைய கொலைகள் தேவைதான் என்று தோளைக் குலுக்கிவிட்டுப் பேசும் ஆளாகிறான். தவளைக் கவிதையின் சிறுவன் ஆண்மையின் வாசலில் திரும்பி ஓடுகிறான். இவனோ உள்ளே நுழைந்து அதன் மொழியைக் கற்றுக்கொள்கிறான். இருவரில் இரண்டாமவனுடைய இழப்பே எனக்குக் கூடுதல் கலக்கத்தைத் தருகிறது, ஏனெனில் தான் எதையோ இழந்துவிட்டதை அவன் உணர்வதே இல்லை.