அகல் விளக்கு வெளிச்சத்தில் ப்ரோ மோட்: எங்கே தவறுகிறோம்?

கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும் படங்களைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். வாசல் நிறைய அகல் விளக்கு எரிந்திருக்கும். படத்தில் ஒவ்வொன்றும் ஒரு வெள்ளைப் பொட்டாக இருக்கும். சுடரின் வடிவமே தெரியாது. விளக்கேற்றும் அம்மாவின் முகம் மெழுகு பூசியது போல வழவழவென்று இருக்கும். அந்த வெளிச்சம் வருடத்துக்கு ஒருமுறை வருவது. அதைப் போனில் சரியாகப் பிடிக்க வேண்டும் என்ற ஆசையில்தான், கேமராவின் அளவுகளை நாமே கையால் மாற்ற விடும் ப்ரோ மோடை நான் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். அதில் நான் செய்ததும், மற்றவர்கள் செய்யப் பார்த்ததுமான தவறுகளைச் சொல்கிறேன்.

முதல் தவறு, ஐஎஸ்ஓவை வெளிச்சம் கூட்டும் குமிழாக நினைப்பது. ப்ரோ மோடைத் திறந்ததும் திரை இருட்டாகத் தெரியும். உடனே விரல் ஐஎஸ்ஓவுக்குப் போகும். 800, 1600, 3200 என்று ஏற்றுவோம். திரை பளிச்சென்று ஆகும், நாமும் திருப்தியாகக் கிளிக் செய்துவிடுவோம். மறுநாள் பார்த்தால் சுவரெல்லாம் மணல் தூவியது போலப் புள்ளிகள்.

ஐஎஸ்ஓ கேமராவுக்குள் துளி ஒளியைக்கூடக் கூடுதலாகக் கொண்டுவராது. வந்து சேர்ந்த ஒளியைப் பெருக்கிக் காட்டும், அவ்வளவுதான். பாலில் தண்ணீர் ஊற்றி அளவைக் கூட்டுவது போன்றது அது. ஒளி உள்ளே வருவது லென்ஸின் துவாரம் வழியாக, ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் மட்டும். துவாரத்தை மாற்றும் வசதி 2018இல் வந்த சாம்சங் எஸ்9 போன்ற சில போன்களில்தான் உண்டு. மற்ற போன்களில் நம் கையில் இருப்பது ஷட்டர் நேரம்தான். அதனால் ஷட்டரை முதலில் முடிவு செய்யுங்கள், ஐஎஸ்ஓவைக் கடைசியில் தொடுங்கள்.

ஒரு கணக்கு மனதில் இருந்தால் போதும். ஷட்டர் நேரத்தை இரட்டிப்பாக்கினால் ஐஎஸ்ஓவைப் பாதியாக்கலாம். நாலைந்து அகல் விளக்குக்கு அருகே உட்கார்ந்திருப்பவரின் முகத்துக்கு, எஃப்/1.8 (துவாரத்தின் அளவு) லென்ஸில், 1/30 விநாடியும் ஐஎஸ்ஓ 800உம் ஏறக்குறைய சரியாக வரும். அதே வெளிச்சம்தான் 1/15இல் 400, 1/8இல் 200, 1/4இல் 100. நான்கு படமும் ஒரே அளவு பிரகாசமாக இருக்கும். ஆனால் கடைசிப் படத்தில் எண்ணெயின் மினுமினுப்பும் மண் அகலின் சொரசொரப்பும் தெரியும். முதல் படத்தில் அதில் பாதி புள்ளிகளுக்குள் கரைந்துவிடும்.

அப்படியானால் எப்போதும் 1/4 வைத்துவிடலாமே என்றால், அங்கேதான் அடுத்த தவறு காத்திருக்கிறது. கையில் போனைப் பிடித்துக்கொண்டு 1/4 விநாடி அசையாமல் இருப்பது கடினம். மெயின் கேமராவுக்கு 1/25 வரை கை தாங்கும். போனில் ஓஐஎஸ் (கை நடுக்கத்தை லென்ஸ் ஈடுகட்டும் வசதி) இருந்து, மூச்சைப் பிடித்துத் தூணில் சாய்ந்து நின்றால் 1/10 வரை போகலாம். அதைவிட நீண்ட நேரம் என்றால் போனை எதிலாவது நிறுத்தியே ஆக வேண்டும். ட்ரைபாட் இல்லையா? அரிசி அளக்கும் படி ஒன்றில் அரிசியைக் கொட்டி அதில் போனைச் செருகி நிறுத்துங்கள். வேண்டிய கோணத்தில் சாய்க்கலாம், நகராது. நான் இன்றும் இதைத்தான் செய்கிறேன். நிறுத்திய பிறகு பட்டனை விரலால் அழுத்தினால் அந்த அழுத்தத்திலேயே போன் ஆடும். 2 விநாடி டைமர் வையுங்கள். இப்படி நிறுத்திவிட்டால் ஐஎஸ்ஓ 100, அரை விநாடி முதல் ஒரு விநாடி வரை வைத்து, விளக்கு வரிசையோடு பின்னால் இருக்கும் மங்கலான சுவரையும் சேர்த்தே எடுக்கலாம்.

போன் அசையாமல் இருந்தாலும் ஆட்கள் அசைவார்கள். விளக்கேற்றக் குனிபவரிடம் 1/30க்கு ஒரு நொடி அப்படியே இருக்கச் சொல்லலாம். மத்தாப்பு பிடித்து ஓடும் குழந்தையிடம் சொல்ல முடியாது. அங்கே 1/125 வேண்டும், ஐஎஸ்ஓ ஏறத்தான் செய்யும், ஏறட்டும். புள்ளிகள் உள்ள தெளிவான முகம், புள்ளியே இல்லாத கலங்கிய முகத்தைவிட எவ்வளவோ மேல். மத்தாப்பின் ஒளிக்கோடுதான் வேண்டுமென்றால் தலைகீழாக யோசியுங்கள்: போனை நிறுத்தி, ஐஎஸ்ஓ 50 அல்லது 100, மூன்று விநாடி.

சுடருக்கு வருவோம். சுடர் மிகப் பிரகாசமானது, பக்கத்திலுள்ள முகம் அதைவிடப் பல மடங்கு மங்கல். ஒரே படத்தில் இரண்டையும் முழுதாகக் கொண்டுவர முடியாது. எது முக்கியம் என்று முடிவு செய்யாமல் நடுவில் எங்கோ வைப்பதால்தான் சுடர் வெள்ளைப் பொட்டாகிறது, முகமும் நன்றாக வருவதில்லை. என் கருத்தில் விளக்குப் படத்தைக் கொஞ்சம் இருட்டாகவே எடுக்க வேண்டும். மங்கலாகப் பதிந்ததைப் பிறகு ஓரளவு தூக்கிவிடலாம். வெள்ளையாக வெந்துபோன சுடரைத் திருப்பிக் கொண்டுவர வழியே இல்லை. ரா வடிவில் (சென்சார் பதிந்ததை அதிகம் மாற்றாமல்) சேமிக்கும் வசதி இருந்தால் அன்றைக்கு மட்டுமாவது அதைப் போட்டுக்கொள்ளுங்கள், நிழலைத் தூக்கும்போது நிறைய இடம் கொடுக்கும். இதில் திரையும் ஏமாற்றும். இருட்டில் முழுப் பிரகாசத்தில் இருக்கும் திரையில் எந்தப் படமும் நன்றாகத்தான் தெரியும். ஹிஸ்டோகிராம் (இடது இருட்டு, வலது வெளிச்சம் என்று காட்டும் சின்ன வரைபடம்) இருந்தால் அதை நம்புங்கள், வலது ஓரத்தில் முட்டி நிற்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

நிறத்தில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஆட்டோ ஒயிட் பேலன்ஸ், அதாவது எது வெள்ளை என்று போனே முடிவு செய்யும் அமைப்பு, மஞ்சளைக் கண்டால் அதைக் குறையாக நினைத்துத் திருத்தப் பார்க்கும். வாசல் கோலத்தைக் கவனியுங்கள். விளக்கருகே அரிசி மாவுக் கோலம் கண்ணுக்கு இளமஞ்சளாகத்தான் தெரியும். படத்தில் அது சுத்த வெள்ளையாக இருந்தால் விளக்கின் சூடு போய்விட்டது என்று அர்த்தம். ஒளியின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள்; எண்ணெய்ச் சுடரின் நிறம் சுமார் 1900 கெல்வின். ‘சரி, அதையே வைப்போம்’ என்று ஸ்லைடரை அடிமட்டத்துக்கு இறக்கினால் போன் அந்த மஞ்சளையே வெள்ளையாக எடுத்துக்கொள்ளும், சுடரும் வெளுத்துவிடும். 5500இல் விட்டால் எல்லாம் ஒரே ஆரஞ்சு. நான் 3200க்கும் 3800க்கும் நடுவில் வைப்பேன்.

எதற்கெடுத்தாலும் ப்ரோ மோட் என்று இறங்குவதும் தவறுதான். நைட் மோட் அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து ஒன்றாக்கிப் புள்ளிகளைக் குறைக்கிறது. பெரும்பாலான போன்களில் ப்ரோ மோட் ஒரே படத்தைத்தான் தரும். தெரு, கோபுரம் போன்ற அசையாத காட்சியைக் கையில் பிடித்து எடுக்கும்போது நைட் மோட் தாராளமாக ஜெயிக்கும். அது தோற்பது அசையும் ஆளிடத்திலும், இரவைப் பகலாக்கிக் காட்டும் ஆசையிலும்தான். ஐபோனின் சொந்தக் கேமரா செயலியில் ஷட்டர், ஐஎஸ்ஓ இரண்டையும் நேரடியாக மாற்ற முடியாது. சுடர் மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு, பக்கத்தில் வரும் சூரியச் சின்னத்தைக் கீழே இழுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தால் அது மின்விளக்கின் துடிப்பு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிக்கும். சீரியல் செட், டியூப் லைட் பக்கத்தில் எடுக்கும்போது 1/50 அல்லது 1/25 வைத்தால் கோடு மறையும். 1/200, 1/500 பக்கம் போகாதீர்கள்.

திருவண்ணாமலையில் மலையுச்சியில் மகா தீபம் ஏற்றும் நேரத்தில் கூட்டத்துக்குள் ஃபிளாஷ்கள் மின்னுவதைப் பார்க்கலாம். போன் ஃபிளாஷ் இரண்டு மீட்டர் தாண்டினாலே வலுவிழந்துவிடும். எதிரே நிற்பவர் முதுகுதான் வெளுக்கும். அங்கே ஆட்டோ ஃபோகஸும் இருட்டில் தடுமாறும். மேனுவல் ஃபோகஸில் தொலைதூரத்தைக் குறிக்கும் மலைச் சின்னம் இருக்கும் பக்கம் தள்ளிவிட்டு, சுடருக்கு ஏற்றபடி வெளிச்சத்தைக் குறைத்து எடுங்கள். தூரத்தை நெருக்கிக் காட்டும் டெலிஃபோட்டோ லென்ஸுக்குப் பின்னால் பெரும்பாலும் சிறிய சென்சார்தான் இருக்கும், ஆகவே அதிகம் ஜூம் செய்ய ஆசைப்பட வேண்டாம்.

அப்புறம், லென்ஸ். விளக்குக்கு எண்ணெய் ஊற்றிய கையோடு போனை எடுப்போம். லென்ஸில் ஒரு விரல் ரேகை இருந்தால் போதும், ஒவ்வொரு சுடரிலிருந்தும் கோடு கோடாக ஒளி இழுக்கும். எந்த செட்டிங்கும் அதைச் சரி செய்யாது. வேட்டி நுனியால் துடைத்தாலே போதும்.

கார்த்திகை மாதம் நம் பக்கம் சூரியன் ஐந்தே முக்கால் வாக்கில் மறைந்துவிடும். ஆறு மணிக்கு விளக்கேற்றும்போது வானம் இன்னும் கரு நீலமாக இருக்கும், அது இருபது நிமிடம்கூட நிற்காது. வானமும் விளக்கும் ஒரே படத்தில் சேர்ந்து வருவது அந்தக் கொஞ்ச நேரத்தில்தான். விளக்கெல்லாம் ஏற்றி முடித்துக் கையைத் துடைத்துவிட்டு வந்தால் வானம் கறுத்திருக்கும். ஐந்தரைக்கே படியில் அரிசியைக் கொட்டி, போனை நிறுத்தி, ஒரே ஒரு அகலை ஏற்றி அளவெல்லாம் பார்த்து வைத்துவிடுங்கள்.