புறக்கடைக் கோழி வளர்ப்பில் முதல் ஆண்டிலேயே நேரும் தவறுகள்

கொல்லையில் பத்துக் கோழி வளர்க்க நினைப்பவர்கள் கூண்டுக்குத் தாராளமாகச் செலவழித்துவிட்டு, சந்தையில் வாங்கிய கோழியைக் கால்களைக் கட்டித் தலைகீழாகத் தூக்கிவந்து, அன்று மாலையே மற்றவற்றோடு விட்டுவிடுகிறார்கள். பெரும் இழப்பு பெரும்பாலும் இங்குதான் தொடங்குகிறது. வெள்ளைக்கழிச்சல் என்னும் இராணிக்கெட் நோய், பார்வைக்குத் திடமாக இருக்கும் கோழியின் வழியாகவும் வந்து சேரும். நோய் கண்ட கோழி இரையெடுக்காமல் இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் நிற்கும், வெள்ளையும் பச்சையுமாகக் கழியும், பிழைத்தாலும் சிலவற்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். இதைக் குணப்படுத்த மருந்து இல்லை. எனவே புதிய கோழிகளைக் குறைந்தது இரண்டு வாரம் தனித் தட்டும் தண்ணீரும் வைத்துத் தள்ளி அடைத்து, பழைய கோழிகளைக் கவனித்து முடித்த பிறகே அவற்றிடம் போக வேண்டும்.

குஞ்சுகளுக்கு ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு லசோட்டா என்னும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தும், எட்டாம் வாரத்தில் இறக்கையில் தோலுக்கடியில் தடுப்பூசியும் போடுவது வழக்கம். மருந்தை ஐஸ் கட்டி இல்லாமல் வெயிலில் கொண்டுவந்தால் அது வெறும் தண்ணீருக்குச் சமம். நோய் பரவிய பின் ஊசியைத் தேடி ஓடுவதும் பயன் தராது.

கடையில் கோழிவலை என்று விற்கும் மெல்லிய வலையை மரநாய் பிய்த்துவிடும் என்பதால், இரவுக் கூண்டுக்குத் தடித்த வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) வேண்டும். ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடியாவது இடம் விட்டு, தரையில் பரப்பிய உமி நனைந்தால் உடனே மாற்ற வேண்டும், ஏனெனில் ஈரத் தரையில் இரத்தக் கழிச்சல் எளிதில் பற்றும். தீவனத்தில் பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கைச் சேர்க்கவே கூடாது. கெட்டி ஓடில்லாத தோல்முட்டை இட்டால் முதலில் கிளிஞ்சல் தூள் வைத்துப் பார்க்கலாம்.

முட்டைக் கணக்கில் ஏமாறுபவர்களும் உண்டு. நாட்டுக்கோழி ஆண்டுக்கு ஏறத்தாழ 60 முதல் 80 முட்டைதான் இடும், நடுநடுவே அடைக்கும் உட்காரும். அதிகம் இடும் கிராமப்பிரியா ரகக் கோழியை வாங்கி, அது அடைகாக்கும் என்று காத்திருப்பது வீண். அடைக்கு வைக்கும் முட்டைகளில் இட்ட தேதியைப் பென்சிலால் குறித்து, ஒரு வாரத்தைத் தாண்டியதைக் குழம்புக்கு எடுத்துக்கொள்ளலாம்.