பழைய கைபேசி வாங்கும் முன் ஐஎம்இஐ எண்ணைச் சரிபார்ப்பது எப்படி?

திருட்டுப் போன கைபேசியைத் தேடவும் முடக்கவும் காவல்துறைக்குக் கிடைக்கும் முதல் பிடிமானம், அந்தக் கருவியை அடையாளம் காட்டும் 15 இலக்க ஐஎம்இஐ எண். திருடியவர்கள் அதை மாற்றப் பார்ப்பதும் இதனால்தான். தொலைத்தொடர்புச் சட்டம், 2023-இன் 42(3) பிரிவின்படி, அந்த எண்ணைத் திருத்துபவருக்கு மட்டுமன்றி, திருத்தப்பட்டது என்று தெரிந்தே அக்கருவியை வைத்திருப்பவருக்கும் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்; இது ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம். ‘தெரிந்தே’ என்ற சொல்லை வாங்குபவர் மனத்தில் இருத்த வேண்டும். விசாரணை என்று வந்தால், உங்களுக்கு என்ன தெரியும், எதைச் சரிபார்த்தீர்கள் என்றே கேட்பார்கள்.

பணம் கொடுப்பதற்கு முன், விற்பவர் எதிரிலேயே *#06# என்று அழுத்துங்கள். இரண்டு சிம் போடும் கைபேசியில் இரண்டு எண்கள் தோன்றும். அவற்றைப் பெட்டியிலும் அசல் பில்லிலும் உள்ள எண்களோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிடுங்கள். சில மாடல்களில் சிம் தட்டை வெளியே இழுத்தால் அதன் மீதும் பொடி எழுத்தில் எண் அச்சிட்டிருக்கும். முதல் 8 இலக்கங்கள் மாடலைக் குறிப்பவை, அடுத்த 6 அந்தக் கருவிக்கே உரிய வரிசை எண், கடைசி இலக்கம் முன்னுள்ள 14 இலக்கங்களிலிருந்து கணக்கிடப்படுவது. மதர்போர்டு மாற்றியதால் எண் மாறிவிட்டது என்று விற்பவர் சொன்னால், அது நடக்கக்கூடியதே; ஆனாலும் சர்வீஸ் சென்டரின் ரசீதைப் பார்க்காமல் ஏற்க வேண்டாம்.

அடுத்து, கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி, இடைவெளி விட்டு ஐஎம்இஐ எண்ணை எழுதி, 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்திலும் இதே சோதனையைச் செய்யலாம். கைபேசி முடக்கப்பட்டது என்றோ, அதே எண் வேறு கருவியிலும் பயன்பாட்டில் உள்ளது என்றோ பதில் வந்தால், விலை எவ்வளவு குறைவானாலும் வாங்காதீர்கள்.

வாங்கினால், ஐஎம்இஐ எண்ணும் தேதியும் விலையும் குறித்து, விற்பவர் கையொப்பமிட்ட ரசீதைப் பெற்றுப் பத்திரப்படுத்துங்கள்.

ஏற்கெனவே வாங்கிய கைபேசியில் எண் திருத்தப்பட்டிருப்பது தெரியவந்தால், அதை இன்னொருவர் தலையில் கட்டாதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தும் வைத்திருப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 317-ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். ரசீதுடன் காவல் நிலையத்துக்குச் சென்று, எழுத்து மூலம் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கு அடையாளமாகக் காவல் நிலையம் தரும் சிஎஸ்ஆர் நகலைப் பெற்றுக்கொள்ளுங்கள்.