நம்மூர்ல இருந்துட்டே பாலே ரசிகர் ஆகறது எப்படி? போன்ல ஆரம்பிச்சு அரங்கு வரைக்கும்

வெள்ள கவுன் போட்டுட்டு நுனிக்கால்ல ஆடுவாங்களே, அந்த பாலேதாங்க. நம்மூர்ல பேச்செடுத்தா பாதிப்பேரு "அது ரஷ்யாக்காரன் சமாச்சாரம், நமக்கெதுக்கு"ன்னு போயிருவாங்க, மீதிப்பேருக்கு ஆசை இருக்கும், ஆனா எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியாது. அந்த மீதிப்பேருக்குத்தான் இது. ஆடக் கத்துக்கறதுக்கு இல்ல, பாக்கக் கத்துக்கறதுக்கு. ஈரோட்லயோ கோபிலயோ பொள்ளாச்சிலயோ உக்காந்துட்டு போன்ல ஆரம்பிச்சு, ஒரு நாளைக்கு காசு குடுத்து டிக்கெட் எடுத்து நேர்ல போயி உக்கார்ற வரைக்கும் என்னென்ன பண்ணோணும்னு வரிசையா சொல்றேன்.

படி 1: ரெண்டு மூணு நிமிஷ ஆட்டத்துல ஆரம்பிங்க

எடுத்தவொடனே ஸ்வான் லேக் மாதிரி பெரிய பாலேவ முழுசா போட்டு உக்காராதீங்க, அரைமணி நேரத்துல தூக்கம் வந்துரும், அப்பறம் பாலேன்னாலே போர்னு முடிவு பண்ணிப்போடுவீங்க. யூடியூப்ல டையிங் ஸ்வான்னு தேடுங்க. ஃபொகின்ங்கற நடன அமைப்பாளர் அன்னா பாவ்லோவாவுக்காக பண்ணுனது, சான் சான்ஸ்ங்கற இசையமைப்பாளரோட செல்லோ இசை. ஒரே ஒரு பொண்ணு, சாகப்போற அன்னம், அவ்வளவுதான் கதை. கால்ல பெரிய வித்தை ஒண்ணுமே இருக்காது, ரெண்டு பாதத்தையும் ஒட்டி வெச்சுட்டு நுனியில சின்னச்சின்னதா ஓடிட்டே இருப்பாங்க, மேல கை மட்டும் றெக்கையா அலையும்.

பாவ்லோவா ஆடுன பழைய மங்கலான படமே இருக்கு, அத மொதல்ல பாருங்க. அப்பறம் மாயா பிளிசெட்ஸ்கயா ஆடுனத பாருங்க. பாவ்லோவாவோடது படபடப்பா, உசுருக்கு போராடற மாதிரி இருக்கும். பிளிசெட்ஸ்கயாவுக்கு கையில எலும்பே இல்லையோன்னு சந்தேகம் வரும், தோள்ல கிளம்பற அலை வெரல் நுனி வரைக்கும் போயி முடியறத கண்ணால பாக்கலாம். ஒரே இசை, ஏறக்குறைய அதே அடவு, ஆனா ரெண்டு வேற அன்னம். இதுல உங்களுக்கு எது புடிச்சுதுன்னு சொல்ல முடிஞ்சுதுன்னா நீங்க ரசிகராக ஆரம்பிச்சாச்சு.

இந்த பாவ்லோவாவுக்கும் நமக்கும் ஒரு தொடுப்பு இருக்குங்க. மதுரையில பொறந்த ருக்மிணி தேவி அருண்டேல் இவங்க ஆட்டத்துல மயங்கி, இவங்க குழுவுல இருந்த கிளியோ நோர்டிகிட்ட பாலே கத்துக்கிட்டாங்க. உங்க நாட்டு நடனத்த தேடிப் போங்கன்னு சொன்னதே பாவ்லோவாதான். அதுக்கப்பறம்தான் பரதம், 1936ல கலாக்ஷேத்ரா எல்லாம். அதனால "நமக்கெதுக்கு"ன்னு கேக்கறவங்ககிட்ட இத சொல்லுங்க.

படி 2: கதைய முன்னாடியே தெரிஞ்சுக்கங்க

சினிமா பழக்கத்துல "கதைய சொல்லிராதீங்க"ம்போம். பாலேவுல அப்படி இல்ல. ஒரு வார்த்தை பேச மாட்டாங்க, கதை தெரியாம போனா யாரு எதுக்கு அழுகறாங்கன்னே புரியாது. நம்ம பக்கம் உடுக்கடிப் பாட்டுல அண்ணன்மார் கதை படிக்கறப்ப பொன்னரும் சங்கரும் என்ன ஆவாங்கன்னு கூட்டத்துல தெரியாத ஆளே இருக்காது, இருந்தாலும் ராத்திரி ராத்திரியா உக்காந்திருப்பாங்க, ஏன்னா இந்தத்தாட்டி படிக்கறவரு அந்த எடத்த எப்படி கொண்டு போறாருங்கறதுதான் விஷயம். பாலே ரசிகன் பூராப்பேரும் அந்த கூட்டந்தான். கதைக்காக போறதில்ல, இன்னைக்கு இவ எப்படி சாகறாங்கறதுக்காக போறோம்.

படி 3: மொத முழு பாலேவா ஜிசெல் பாருங்க

இது என் சொந்த அபிப்பிராயம். நெறையப்பேரு நட்கிராக்கர்ல ஆரம்பிக்க சொல்வாங்க, கொழந்தைங்களோட பாக்கறதுன்னா சரி, ஆனா அதுல ரெண்டாவது பாதியில கதையே கெடையாது, மிட்டாய் ராஜ்ஜியத்துல ஒவ்வொருத்தரா வந்து ஆடிட்டு போவாங்க. ஜிசெல்ல கதை நெஞ்சப் புடிக்கும், ரெண்டே அங்கம், இடைவேளையோட ரெண்டு மணி நேரம் கிட்ட முடிஞ்சுரும்.

1841ல பாரீஸ்ல மொதல்ல ஆடுனது, இசை அடால்ஃப் ஆடம். ஜிசெல் ஒரு கிராமத்துப் பொண்ணு. அல்பிரெக்ட்னு ஒரு பிரபு, குடியானவன் வேஷத்துல வந்து காதலிக்கறான், அவனுக்கு ஏற்கனவே வேற எடத்துல நிச்சயம் ஆகிருக்கு. உண்மை தெரிஞ்சவொடனே பொண்ணுக்கு புத்தி பேதலிச்சு அங்கயே செத்துப்போறா. ரெண்டாவது அங்கம் ராத்திரி, காட்டுல அவ சமாதி. கல்யாணத்துக்கு முன்னாடி செத்த பொண்ணுங்கெல்லாம் வில்லிங்கற ஆவியா வந்து, கையில சிக்கற ஆம்பளைய சாகற வரைக்கும் ஆட வெக்கும். அல்பிரெக்ட் சிக்கறான். செத்தவளே வந்து அவன காப்பாத்தறா, விடியற வரைக்கும் தாக்குப்புடிக்க வெச்சு.

இத ரெண்டு தாட்டி பாருங்க, அதுக்கு காரணம் இருக்கு. மொத அங்கத்துல ஜிசெல் ஒரு பூவ எடுத்து ஒவ்வொரு இதழா பிச்சு "காதலிக்கறான், காதலிக்கல"ன்னு எண்ணுவா. மொத தாட்டி பாக்கறப்ப அது சும்மா வெளையாட்டாத்தான் தெரியும். புத்தி பேதலிக்கற காட்சில கையில பூவே இல்லாம, தரையில இருந்து எதையோ எடுத்து வெறும் வெரல்ல அதே இதழ திரும்பப் பிப்பா, முன்னாடி அவனோட சேந்து துள்ளுன அதே அடவ பாதி பாதியா, தாளம் தப்பி ஆடுவா. இசையும் அந்த பழைய மெட்டையே ஒடைச்சு ஒடைச்சு குடுக்கும். முன்னாடி நல்லா கவனிச்சிருந்தாத்தான் இங்க வலிக்கும்.

படி 4: எங்க பாக்கோணும்னு கண்ண பழக்குங்க

இதுதான் நெம்ப நேரம் எடுக்கற படி, அவசரப்படாதீங்க.

சுத்தறத பாக்கறப்ப தலைய பாருங்க. ஒடம்பு திரும்ப ஆரம்பிச்ச பொறகும் தலை முன்னாடியே ஒரு எடத்த பாத்துட்டு நிக்கும், கடைசியா வெடுக்குனு திரும்பி ஒடம்புக்கு முன்னாடி வந்து அதே எடத்த புடிச்சுக்கும். அதனாலதான் தலை சுத்தறதில்ல. ஸ்வான் லேக் மூணாவது அங்கத்துல கறுப்பு அன்னம் 32 ஃபுவெட்டே சுத்தும், ஒத்தக்கால்ல நின்னுட்டு இன்னொரு கால சாட்டை மாதிரி பக்கவாட்டுல வீசி உள்ள இழுத்து வர்ற சுத்து. 1895ல பியெரினா லென்யானிங்கற இத்தாலிக்காரம்மா அதுல இத சுத்துனதுல இருந்து இப்ப வரைக்கும் அது ஒரு பரீட்சையாவே போச்சு. அரங்கத்துல எல்லாரும் எண்ணிட்டு இருப்பாங்க, நீங்க எண்ணாதீங்க, நிக்கற காலப் பாருங்க. ஒவ்வொரு சுத்துக்கும் குதிகால் கீழ வந்து மறுக்கா ஏறும், அந்தக் கால் ஆரம்பிச்ச எடத்துலயே இருக்குதா இல்ல கொஞ்சங்கொஞ்சமா முன்னாடி நகந்து வருதான்னு பாத்தா தரம் தெரிஞ்சுரும்.

அப்பறம் ஷூ. எங்க அம்மிச்சி டிவில பாத்துட்டு "ஏங்கண்ணு, இப்பிடி நுனியில நின்னா வெரலு ஒடிஞ்சுறாதா"ன்னு கேட்டாங்க, நியாயமான கேள்விதான். பாயின்ட் ஷூவோட முனை மரமோ இரும்போ இல்லீங்க, துணியும் காகிதமும் அடுக்கடுக்கா வெச்சு பசை போட்டு கெட்டியாக்குனது, வெளிய சாட்டின். ரிப்பனை ஆடறவங்களே தன் காலுக்கு தகுந்தாப்ல தெச்சுக்குவாங்க, புது ஷூவ வளைச்சு, தரையில அடிச்சு மெதுவாக்கிட்டுத்தான் போடுவாங்க. பெரிய வேஷம் கட்டுனா ஒரு ஜோடி ஒரே ராத்திரில நஞ்சு போகறதும் உண்டு. நேர்ல பாக்கறப்ப தரையில டக் டக்னு சத்தம் கேக்கும், மொத தாட்டி கேக்கறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும், வீடியோவுல பெரும்பாலும் இசை அத அமுக்கிரும். திருப்பூர்க்காரங்களுக்கு ஒண்ணு, அந்த விறைப்பா நிக்கற டூடூ பாவாடை பூரா நெட் துணி, பல அடுக்கு, ஒவ்வொரு அடுக்கும் ஒவ்வொரு நீளம். குளோசப் வந்தா பாஸ் பண்ணிப் பாருங்க, தையல் வேலை அப்படி இருக்கும்.

கூட்டமா ஆடறவங்கள கோர் தெ பாலேன்னு சொல்வாங்க, இவங்கள பாக்க கத்துக்கிட்டா பாதி பாலே புரிஞ்ச மாதிரி. இதுக்கு லா பயடேர்ங்கற பாலேல நிழல்கள் காட்சிய பாருங்க. இந்தியாவுல நடக்கற கதையாம், கோயில்ல ஆடற பொண்ணு நிக்கியா, வீரன் சோலோர், 1877ல ரஷ்யாவுல பீட்டர்ஸ்பர்க்ல உக்காந்து பெத்திபாங்கற நடன அமைப்பாளர் கற்பனை பண்ணுன இந்தியா, துணிமணிய பாத்தா நம்மாளுக்கு சிரிப்புதான் வரும். ஆனா அந்த நிழல்கள் காட்சி வந்துட்டா சிரிப்பு நின்னுரும். சரிவு மேடையில ஒவ்வொரு பொண்ணா எறங்கும், ஒத்தக்கால்ல நின்னு பின்கால தூக்கி, பின்னால சாஞ்சு, ரெண்டடி நடந்து, மறுபடி அதே. 24 பேரு, சில குழுவுல 32 பேரு. கடைசிப் பொண்ணு எறங்கற வரைக்கும் மொதல்ல வந்த பொண்ணு அதையேதான் திரும்பத் திரும்ப செய்யோணும், கால் நடுங்குனா தனியா தெரிஞ்சுரும்.

கை ஜாடை கொஞ்சம் மனப்பாடம் பண்ணிக்கங்க. தலைக்கு மேல ரெண்டு கையையும் சுத்துனா ஆட்டம், மோதிர வெரல தொட்டுக் காட்டுனா கல்யாணம், ரெண்டு வெரல மேல தூக்குனா சத்தியம், மூஞ்சிய சுத்தி கைய கொண்டு போனா அழகு, ரெண்டு கையையும் கீழ முன்னாடி குறுக்க வெச்சா சாவு. பரதம் பாத்து பழகுனவங்களுக்கு இது ஒரு நாள் வேலை.

படி 5: காசில்லாம பாக்கறதுக்கு

லண்டன் ராயல் பாலேவோட யூடியூப் சேனல்ல ஒத்திகை வீடியோ நெறைய இருக்கு. முழு நாடகத்த விட ஒத்திகைதான் புது ரசிகனுக்கு பாடம், சொல்லிக்குடுக்கறவங்க "அந்தக் கை லேட்டு"ன்னு நிறுத்துறப்ப நமக்கும் கண்ணு தெறக்கும். வேர்ல்டு பாலே டேன்னு 2014ல இருந்து நடத்தறாங்க, வழக்கமா அக்டோபர் நவம்பர் வாக்குல வரும், பல நாட்டு குழுக்கள் காலை பயிற்சிய அப்படியே நேரலையா காட்டுவாங்க. பெரிய பெரிய நட்சத்திரமெல்லாம் பழைய ஸ்வெட்டர மாட்டிட்டு கம்பிய புடிச்சு பிளியேங்கற முட்டி மடக்கற பயிற்சில இருந்து ஆரம்பிப்பாங்க, தினமும்.

படி 6: நேர்ல போகோணும்னா எங்க?

கோயமுத்தூர்ல முழு பாலே வரும்னு காத்துட்டு இருக்காதீங்க. மும்பைல பெரிய அரங்குகளுக்கு வெளிநாட்டு குழு எப்பவாவது வரும், கண்ணு வெச்சிருங்க. ஆனா நமக்கு ஒரு வசதி இருக்கு, கோயமுத்தூர் பீளமேடு ஏர்போர்ட்ல இருந்து சிங்கப்பூருக்கும் சார்ஜாவுக்கும் நேர் விமானம். சிங்கப்பூர்ல சொந்த குழுவே இருக்கு, 1988ல ஆரம்பிச்சது, 2021ல இருந்து பேரு சிங்கப்பூர் பாலே, முள்ளு முள்ளா கூரை இருக்கற எஸ்பிளனேடு அரங்குல ஆடுவாங்க. சார்ஜாவுல எறங்குனா 2016ல தெறந்த துபாய் ஆப்பரா கார்ல போற தூரந்தான், அங்க வெளிநாட்டு குழுக்கள் வந்து ஆடறதுண்டு. அக்கா ஊடோ மச்சான் ஊடோ அங்க இருந்தா தங்கற செலவும் மிச்சம், நம்ம பக்கத்துல யாருக்குத்தான் ஒறம்பரை அங்க இல்ல.

மொதல்ல அரங்கத்தோட நிகழ்ச்சி அட்டவணை, அப்பறம் டிக்கெட், அப்பறம்தான் விமானம், இந்த வரிசைய மாத்தாதீங்க. விசா முன்னாடியே போட்டு வைங்க. டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, இசைக்குழு நேர்ல வாசிக்குதா இல்ல ரெக்கார்டிங்கா. ரெண்டு, குழுவோட பேரு. இம்பீரியல், ராயல், ஸ்டேட்டுன்னு பெருசா போட்டிருக்கும், அந்தப் பேர தேடிப் பாத்து சொந்த அரங்கம், ஆடறவங்க பட்டியல் எல்லாம் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா யோசிங்க.

படி 7: சீட்டு

மொத வரிசை வேண்டாங்க. மேடை ஒசரத்துக்கு பாதம் மறைஞ்சுரும், கூட்டம் போடற கோலமும் தெரியாது. மொத மாடி நடுவுல கெடைச்சா அதுதான் ராஜ சீட்டு, காசு பத்தலைன்னா இன்னும் மேல போங்க, ஆனா நடுவுல. ஓரத்து சீட்டுல மேடையோட ஒரு மூலை வெட்டுப்பட்டுரும், அந்த மூலையிலதான் முக்கியமானவ நிப்பா.

படி 8: அரங்கத்துக்குள்ள

பட்டுச்சேலையோ ஜீன்ஸோ எதுவும் பரவால்ல, ஏசி குளுரும், சால்வை எடுத்துக்கங்க. சிங்கப்பூர் நம்மள விட ரெண்டரை மணி நேரம் முன்னாடி, போன் தானா மாத்திக்கும், கைக்கடிகாரம் மாத்தாது. லேட்டா போனா உள்ள விடமாட்டாங்க, இடைவேளையோ பொருத்தமான எடமோ வர்ற வரைக்கும் வெளிய டிவில பாக்க வேண்டியதுதான், கெஞ்சுனாலும் நடக்காது. விளக்க அணைச்சு திரை தூக்கறதுக்கு முன்னாடி வாசிக்கற இசையும் நிகழ்ச்சிதான், அப்ப பேசாதீங்க. முறுக்கு பாக்கெட்ட பைக்குள்ளயே வெச்சிருங்க.

கை தட்டறது எப்பன்னு பயப்பட வேண்டாம். ஜோடி ஆட்டத்துக்கு பா தெ தூன்னு பேரு, ரெண்டு பேரும் சேந்து மெதுவா ஆடுவாங்க, அப்பறம் ஆம்பள தனியா, பொம்பள தனியா, கடைசியா ரெண்டு பேரும் வேகமா. ஒவ்வொண்ணும் முடிஞ்சு வணக்கம் வெப்பாங்க, அப்ப தட்டுங்க. 32 சுத்து நடக்கறப்ப நடுவுலயே கை தட்டல் கெளம்பும், சேந்துக்கலாம். ஜிசெல் சாகற எடத்துல மட்டும் சித்த பொறுங்க.

படி 9: ஒரே நாடகத்த வேற ஆளுக்கு பாருங்க

பெரிய வேஷத்துக்கு ஒண்ணுக்கு மேல ஆள் வெச்சிருப்பாங்க, எந்த நாளைக்கு யாருன்னு பட்டியல் போடுவாங்க, அடிபட்டா கடைசி நேரத்துல மாறும். ஸ்வான் லேக் மாதிரி நாடகத்துக்கு முடிவே ஊருக்கு ஊரு வேற, சிலதுல காதலர் ரெண்டு பேரும் ஏரில குதிச்சு சாவாங்க, சிலதுல மந்திரவாதி தோத்து சேந்து வாழ்வாங்க. அந்த சந்தோஷ முடிவு எனக்கு ஒத்துவரல, அந்த இசைய கேட்டுட்டு எப்படி சந்தோஷமா முடிக்க மனசு வருதோ தெரியல. பாத்துட்டு வந்த ராத்திரியே ரெண்டு வரி எழுதி வைங்க, யாரு ஆடுனா, எந்த எடம் புடிச்சுது, எது சப்புனு போச்சுன்னு. ஆடறவங்க ஒடம்பு குண்டு ஒல்லின்னு மட்டும் எழுதாதீங்க, பேசாதீங்க, அந்த பேச்சுல அவங்க படற பாடு போதும்.

சனிக்கிழமை பெரும்பாலும் மதியம் ஒரு காட்சி, சாயங்காலம் ஒரு காட்சி இருக்கும், ரெண்டுக்கும் ஆள் மாறும். அவ்வளவு தூரம் போறதுக்கு ஒரு நல்ல சீட்டு எடுக்கறதுக்கு பதிலா ரெண்டு மலிவு சீட்டு எடுத்து ரெண்டையும் பாத்துருங்க. சிங்கப்பூர்னா நடுவுல லிட்டில் இந்தியா போயி சாப்புட்டு வர நேரம் இருக்கும், ரயில்ல பக்கந்தான், ஆனா மூக்கு முட்ட தின்னுப்போட்டு வந்தீங்கன்னா ரெண்டாவது அங்கத்துல வில்லிங்க வர்றப்ப தூங்கிட்டு இருப்பீங்க.